‘அறிந்ததோர் செடி’

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிக்கொண்டிருந்த மாணாக்கர் ஒருவர், ‘வாகிஆ’ அத்தியாயத்தில் வரும் ‘தல்ஹ்’ என்னும் சொல்லில் ஐயுற்றார். விரிவுரையாளர் பலர் அதற்கு வாழை என்று பொருள் கூறியிருக்க, வேறு சிலர் முள்மரம் என்று கூறியிருந்தனர். அவர் ‘லிஸானுல் அரப்’ அகராதியைப் புரட்டத் தொடங்கினார். சிறிது பொழுது சென்றபின் கிதாபை ஏந்தியவாறு வந்து, “ஹஜ்ரத், இமாம் அபூஹனீஃபா அவர்கள் முள்மரங்களைப் பற்றியுமா ஆராய்ந்திருக்கிறார்கள்?” என்று வினவினார். அவர் விரல் வைத்த இடத்தில் ‘அபூஹனீஃபா கூறினார்’ என்றிருந்தது. தல்ஹ் மரம் முள்மரங்களில் எல்லாம் பெரியது; இலை மிகுந்தது; பசுமையில் ஆழ்ந்தது; முள் நீண்டு பருத்திருப்பினும் காலில் தைத்தால் ஏனைய முட்களைப் போல் எரிச்சல் தராது; பூ மணமுடையது; பிசின் மிகுதியாகத் தருவது; வன்மையும் வளமும் ஒருங்கே உடைய நிலத்திலன்றி முளைக்காது என்றெல்லாம் அப்பகுதி விரிந்து சென்றது.

நாம் முதலில் நகைத்துவிட்டோம். பின்னர் அந்த நகைப்புக்கு நாணினோம். ‘இவர் நம் இமாமல்லர், இமாம் அவர்கள் ஹிஜ்ரி 150-ல், அதாவது கி.பி. 767-ல் மறைந்தவர்கள். இவர் அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிற்பட்ட அபூஹனீஃபா தீனவரி’ என்று சொல்லி மாணாக்கரை அனுப்பிவிட்டோம். ஆனால் அந்தத் தீனவரி யார், செடிகளைப் பற்றி ஏன் எழுதினார், அவர் நூல் எங்கே என்று அவர் மேலும் கேட்டிருந்தால், விடை சொல்ல நம்மிடம் அன்று ஒன்றுமில்லை. முப்பதாண்டுகள் அரபு இலக்கியம் கற்பித்தவர்களாகிய நாம், பழங்கவிதையில் செடியின் பெயர் வந்தபோதெல்லாம் ‘இது ஒரு செடி’ என்று கூறிக் கடந்து சென்றவர்களே. அக்குறை நமது மட்டுமன்று. பீரோசாபாதி (மறைவு ஹிஜ்ரி 817) தம் ‘காமூஸ்’ அகராதியில் இடத்தைச் சுருக்கும்பொருட்டுச் சில எழுத்துகளைக் குறியீடாக வைத்தார். அவற்றுள் ‘மீம்’ என்னும் எழுத்து ‘மஃரூஃப்’ என்பதைக் குறிக்கும். ‘அறியப்பட்டது, எல்லாருக்கும் தெரிந்தது’ என்பது அதன் பொருள். ஒரு செடியின் பெயரைப் போட்டு, அருகே ஒரு மீம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. எழுதியவர் காலத்தில் அது தெரிந்த செடியாகத்தான் இருந்திருக்கும். அறுநூறு ஆண்டுகள் கழித்து வேறொரு தேசத்தில் இருந்து படிப்பவனுக்கோ, அந்த மீம் ஒரு மூடிய கதவு.

அந்தக் கதவைத் திறந்து வைத்தவர் தீனவரி என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது.

அஹ்மத் இப்னு தாவூத் என்பது அவர் இயற்பெயர். மேற்கு ஈரானில், கிர்மான்ஷாஹ் நகரை அடுத்திருந்த தீனவர் என்னும் ஊரினர். பஸ்ராவிலும் கூஃபாவிலும் இலக்கணம் பயின்றார். கணிதம், வானியல், வரலாறு ஆகியவற்றிலும் வல்லவர். ‘அல் அக்பாருத் திவால்’ என்னும் அவருடைய வரலாற்று நூல் இன்றும் கிடைக்கிறது. ஹிஜ்ரி 282-ல், கி.பி. 895-ல் மறைந்தார். அவருடைய ‘கிதாபுன் நபாத்’, அதாவது செடி நூல், ஆறு பெருந்தொகுதிகள் கொண்டது என்பர்.

அவருக்கு முன்பும் செடிப்பெயர்களைத் தொகுத்தோர் உண்டு. அஸ்மஈ போன்ற மொழியறிஞர்கள் சிறு நூல்கள் செய்திருந்தனர். பாலைவனத்துக் கவிதைகளுக்குப் பொருள் காண்பதே அவர்கள் நோக்கம். தீனவரியும் அதே நோக்கத்தோடுதான் புறப்பட்டார் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. ‘ஸராத் மலைநாட்டு அஃராபி ஒருவர் எமக்குச் சொன்னார்’, ‘ரபீஆ குலத்து அஃராபி ஒருவர் அறிவித்தார்’ என்று அடிக்கடி எழுதுகிறார். எழுத்தறியாத நாடோடி மேய்ப்பர்களிடம், ஹதீஸ் கலைஞர்கள் அறிவிப்பாளர்களிடம் கேட்பது போல அவர் கேட்டிருக்கிறார். இலை எத்தகையது, முள் நேரானதா வளைந்ததா, பூ என்ன நிறம், காய் எதன் அளவு, வேர் மிஞ்சுமா மடியுமா, எந்த மண்ணில் முளைக்கும், எந்தப் பிராணி தின்னும் என்பவை அவர் கேள்விகள். ‘மஃரூஃப்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவர் தம்மையும் விடவில்லை. தமக்குச் சொன்னவரையும் விடவில்லை.

செடியின் உறுப்புகளை அவர் பிரித்த நுட்பத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ‘வரக்’ என்றால் இலை என்று நாம் எல்லாரும் கற்பிக்கிறோம். தீனவரி அதற்கு எல்லை வகுக்கிறார். அகன்று விரிந்து, நடுவே ஒரு நரம்பு ஓட, அதன் இருபுறமும் ஓரங்கள் பரந்திருப்பதே வரக். நடுநரம்புக்கு ‘ஐர்’ என்று பெயர். சவுக்குக்கும் ஸர்வ் மரத்துக்கும் இருப்பது போன்ற அகலமற்ற மெல்லிய பசுந்தளிர்கள் வரக் ஆகா, அவை ‘ஹதப்’. கண்ணிமை மயிருக்கும் அதே சொல்தான். ஹதப் என்பது இலையன்று, இலையின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வது என்று அவர் விளக்குகிறார். ஓர் உறுப்பின் உருவம் வேறு, தொழில் வேறு. உருவம் மாறினும் தொழில் ஒன்றாக இருக்கலாம் என்னும் உண்மை இதனுள் அடங்கியிருக்கிறது. பேரீச்சையின் ஓலையோ வரக்குமன்று, ஹதபுமன்று, அது ‘கூஸ்’.

தமிழறிந்தோருக்கு இது புதிதாக இராது. பனைக்கும் தென்னைக்கும் இலை என்று நாம் சொல்வதில்லை, ஓலை என்கிறோம். தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவுயிர்களை இரண்டாகப் பிரித்து, புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் வகுத்தார். மடல், ஓலை, பாளை, ஈர்க்கு முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லுக்கும், இலை, தளிர், சினை, அரும்பு முதலியவற்றை மரத்துக்கும் உரிமையாக்கினார். அவ்வகையில் பனையும் தென்னையும் மூங்கிலும் நெல்லும் புல்லினமாகும். இக்காலத் தாவர நூலார் ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பிரிக்கும் பிரிவோடு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. விதையைப் பிளந்து பார்க்காமல் தண்டை வெட்டிப் பார்த்துக் கண்ட பிரிவு இது. வீடு கட்டத் தூண் தேடிய தச்சனின் கோடரி இந்த அறிவுக்கு மூலமாக இருந்திருக்கலாம் என்பது நம் ஊகம்.

அரபுப் பாலையில் தச்சனின் இடத்தில் மேய்ப்பன் இருந்தான். ஆகவே அங்கே பிரிவினையும் வேறாயிற்று. தீனவரி கூறும் மூன்று பிரிவுகளைப் பாருங்கள். குளிர்காலத்தில் வேரும் தண்டும் இரண்டும் நிலைத்திருப்பது ‘ஷஜர்’. தண்டு மடிந்து வேர் மட்டும் மிஞ்சுவது ‘ஜன்பா’. இரண்டும் மடிந்து, விதையிலிருந்தே மறுபடி முளைப்பது ‘பக்ல்’. மேய்ச்சலுக்குப் பின் தண்டு மிஞ்சினால், அது எவ்வளவு மெலிந்ததாயினும் ஷஜர். ஒன்றும் மிஞ்சாவிடில் பக்ல். ஒட்டகத்தின் பல்லையே அளவுகோலாக வைத்த வகைப்பாடு இது. சிரிப்பதற்கில்லை. அடுத்த பருவத்தில் இவ்விடத்துக்கு மந்தையை ஓட்டி வரலாமா என்பது மேய்ப்பனுக்கு உயிர்ப்பிரச்சினை. வேர் இருந்தால் சிறு மழைக்கும் தளிர்க்கும். விதை மட்டும் இருந்தால் நல்ல மழைக்குக் காத்திருக்க வேண்டும். இக்கால நூல்களில் ஓராண்டுத் தாவரம், பல்லாண்டுப் பூண்டு, மரத்தன்மையுள்ள தாவரம் என்று படிப்பதும் ஏறத்தாழ இம்மூன்றுதாம்.

குறுக்காக இன்னொரு பிரிவும் ஓடுகிறது. உப்புச் சுவையுடையது ‘ஹம்து’; உப்பற்றது ‘குல்லா’. ஒட்டகத்துக்குக் குல்லா ரொட்டி போன்றது, ஹம்து அதற்குத் தொடுகறி போன்றது என்பது அரபியர் வழக்கு. ரொட்டியே தின்று சலித்த ஒட்டகம் தொடுகறி தேடி ஓடும். ஹம்து என்று அவர்கள் ஒரு பெயரில் திரட்டியவற்றுள் பல, இன்று ஒரே குடும்பத்தில் வைக்கப்படும் உவர்நிலச் செடிகள். நம் கடற்கரை உப்பளங்களின் ஓரத்தில் வளரும் உமரியும் அக்குடும்பத்ததே. நாவால் கண்ட உறவு பொய்க்கவில்லை.

இந்தச் சொற்பிரிவுகள் மொழிநூலோடு நின்றவையல்ல. ‘ரஹ்மான்’ அத்தியாயத்தில் நஜ்மும் ஷஜரும் இணைத்துக் கூறப்படும் இடத்தில், நஜ்ம் என்பது விண்மீனா அல்லது தண்டின்றித் தரையில் முளைக்கும் பூண்டா என்று விரிவுரையாளர் ஆய்ந்தனர். யூனுஸ் நபி (அலை) அவர்கள் மீது நிழலாக முளைத்த ‘யக்தீன்’ கொடியை வேதம் ஷஜரத் என்று சொல்கிறது. சுரைக்கொடிக்குத் தண்டு ஏது, அதை எவ்வாறு ஷஜர் என்பது என்றும் வினா எழுந்தது. செடியின் அமைப்பை அறியாமல் இவ்வினாக்களின் பொருளே விளங்காது. நம் வகுப்புகளில் வினாவை விட்டுவிட்டு விடையை மட்டும் மனனம் செய்விப்பது ஏன் என்று நாம் இப்போது நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

இனி ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். மிஸ்வாக் குச்சி நம்மவர் பலருடைய சட்டைப்பையில் இருக்கும். அதைத் தரும் ‘அராக்’ மரத்தின் இலையைக் கண்டவர் எத்தனை பேர்? தீனவரி அதைத் தம் நூலில் இரண்டு வகையில் பேசுகிறார். ஒன்று, பல் துலக்கும் குச்சி தரும் மரங்களுக்கு அவர் வகுத்த தனி அத்தியாயம். தோல் பதனிடும் செடிகள், சாயம் தரும் செடிகள், தீக்கடையும் கட்டைகள், கயிறு திரிக்கும் நார்கள், மணமுள்ளவை, வில்லும் அம்பும் செய்பவை என்று பயன்பாட்டின் வழியே அமைந்த அத்தியாயங்களும் அவர் நூலில் உண்டு. மற்றொன்று, அகரவரிசைப் பகுதி. அராக் மரத்துக் கிளைதான் பல் துலக்கச் சிறந்தது. அதை மேய்ந்த கால்நடையின் பாலுக்கு மணம் அதிகம் என்கிறார். அதன் பழத்துக்கு மட்டும் மூன்று பெயர்கள். பொதுப்பெயர் ‘பரீர்’, பச்சையாக இருப்பது ‘மர்து’, முற்றிக் கனிந்தது ‘கபாத்’. நாம் மாம்பிஞ்சை வடு என்றும் தென்னம்பிஞ்சைக் குரும்பை என்றும் வாழைப்பிஞ்சைக் கச்சல் என்றும் சொல்வது போல. கபாத் கொத்தமல்லி விதையினும் சற்றே பெரியது. ஆயினும் அதன் குலை ஒருவனுடைய இரு கைகளையும் நிரப்பும். ஒட்டகம் வாயில் கொண்டாலும் மிஞ்சும். அளவுகோல் இல்லாத காலத்தில் கொத்தமல்லி விதையையும் மனிதன் கையையும் ஒட்டகத்தின் வாயையும் வைத்து அளந்த அளவு இது. படிப்பவன் எந்நாட்டில் இருந்தாலும் அந்தக் குலையை மனத்தில் காணலாம்.

மர்ருஸ் ஸஹ்ரானில் தோழர்கள் கபாத் பறித்துக்கொண்டிருந்தபோது, கறுத்ததைப் பறியுங்கள், அதுவே சிறந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதையும், தாங்கள் ஆடு மேய்த்ததுண்டோ என்று தோழர்கள் உடனே கேட்டதையும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இந்த ஹதீஸை நாம் பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்று எண்ணிப் பார்த்ததில்லை. மரத்தடியில் நாளெல்லாம் இருந்தவனுக்கன்றிப் பழத்தின் பருவங்கள் தெரியா என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அராக் நமக்கு அயல்மரமும் அன்று. கோடியக்கரைக் காட்டிலும் இராமநாதபுரத்துக் கடலோரத்திலும் நிற்கும் உகாய் மரமே அது. குறுந்தொகைப் புலவர் ஒருவர் அதன் அடிமரத்தைப் புறாவின் முதுகுக்கும், பழத்தை இறாலின் சினைக்கும் ஒப்பிட்டிருக்கிறார். அங்கே கொத்தமல்லி, இங்கே இறால் சினை. ஒன்றையொன்று அறியாத இருவர் ஒரே பழத்தைக் கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள்.

தீனவரி எல்லாவற்றையும் நேரில் கண்டவரல்லர். தென்னையைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் நம்மூர் மரமேறிகள் சிரிப்பார்கள். அம்மரம் பேரீச்சை போன்றதே. ஆனால் அவ்வளவு பருமனன்று. ஏறுபவனைத் தாங்காமல் வளைந்து அவனைத் தரையருகே கொண்டுவந்துவிடும். நல்ல குலையில் முப்பது காய் இருக்கும் என்கிறார். மரம் வளைகிற கதையைக் கடலோடி எவரோ சுவைக்காகச் சேர்த்திருக்கலாம். ஆனால் ‘அறிந்தவர் எமக்குச் சொன்னார்’ என்று தொடங்கியே அவர் எழுதுகிறார். தாம் கண்டதாகச் சொல்லவில்லை. பேரீச்சையோடு அதைச் சேர்த்ததும் சரியே. இரண்டும் ஒரே குடும்பம். உமான் பகுதியில் நட்டு வளர்க்கப்பட்ட ‘அன்பஜ்’, அதாவது மாமரம் பற்றி அவர் எழுதியது இன்னும் சிறப்பு. அது இரு வகை. ஒன்று வாதுமை வடிவில் காய்த்துத் தொடக்கமுதலே இனிப்பது. மற்றொன்று புளிப்பாயிருந்து பழுத்தபின் இனிப்பது. புளிப்புக் காயைப் பிஞ்சிலேயே சாடிகளில் அடைத்து ஊறவைப்பர். மரமோ வாதுமைக்கொட்டை மரத்தை விடச் சிறிதன்று. அக்ரோட்டு மரத்தளவு ஓங்கும். கிழக்கிலிருந்து கடல் கடந்து போன மாவையும், அதனோடு போன ஊறுகாயையும் ஒருசேரக் காண்கிறோம். அவர் நூலில் பிழை கண்டோரும் இல்லாமலில்லை. பஸ்ராவைச் சேர்ந்த அலீ இப்னு ஹம்ஸா, ஒரு நூற்றாண்டுக்குப் பின் அவருடைய தவறுகளைத் தொகுத்து எழுதினார். ஒரு நூலைத் திருத்த ஒருவர் முனைகிறார் என்றால், அந்நூல் அளக்கத்தக்க அளவுக்குத் தெளிவாக இருக்கிறது என்றே பொருள். மீம் மட்டும் போட்ட இடத்தில் திருத்த என்ன இருக்கிறது?

இதே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வேறொரு நீரோட்டம் பாய்ந்துகொண்டிருந்தது. தியோஸ்கோரிதிஸ் என்னும் கிரேக்க மருத்துவரின் மூலிகை நூலை இஸ்திஃபன் இப்னு பாஸீல் அரபியில் பெயர்க்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைத் திருத்தினார். அரபுப் பெயர் தெரியாத செடிகளுக்குக் கிரேக்கப் பெயரையே எழுதி வைத்தார் இஸ்திஃபன். பின்னால் வருபவர் யாரேனும் அறிந்து நிரப்பட்டும் என்று விட்டார். பொய்யாக ஒன்றை இட்டு நிரப்பாத அந்த வெற்றிடமும் ஒரு நேர்மையே. கி.பி. 948-ல் பைஸாந்தியச் சக்கரவர்த்தி அந்நூலின் கிரேக்க மூலத்தை ஓவியங்களோடு குர்துபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அனுப்பினார். படிக்க ஆளில்லை. 951-ல் நிகோலாஸ் என்னும் துறவி வந்துசேர்ந்தபின், அவரும் அந்நகரத்து மருத்துவர்களும் கூடியிருந்து வெற்றிடங்களை ஒவ்வொன்றாக நிரப்பினர். இவ்வரலாற்றை அவர்களோடு பழகிய இப்னு ஜுல்ஜுல் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தலூஸில் இக்கலை பின்னர் தழைத்த விதத்தை விரிக்க இங்கே இடமில்லை. ‘உம்ததுத் தபீப்’ என்னும் இஷ்பீலியா நூல் ஒன்று செடிகளை ஜின்ஸ், நவ்உ, ஸின்ஃப் என்று பேரினம், இனம், வகை எனப் படிப்படியாகப் பிரிக்க முயன்றது. அதை 1943-ல் ஆசின் பலாசியோஸ் என்னும் ஸ்பானிய அறிஞர் உலகுக்கு அறிவித்தார். மூலம் 1990-ல் ரபாத்தில் அச்சாயிற்று. மாலகாவில் பிறந்து 1248-ல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைதார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தார். அவருடைய ஏட்டிலும் தீனவரியின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆனால் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவர் அதே காலத்தவரான ரஷீதுத்தீன் ஸூரி. அவர் லெபனான் மலைகளுக்குச் செல்லும்போது வண்ணங்களோடு ஓர் ஓவியரையும் உடனழைத்துச் செல்வார். செடியைக் காட்டி, அதன் நிறம், இலையளவு, கிளை, வேர் எல்லாவற்றையும் வரையச் செய்வார். ஒருமுறை வரைந்ததோடு விடமாட்டார். முளைக்கும் பருவத்தில் ஒன்று, முற்றி விதை கொண்டபின் ஒன்று, காய்ந்து உலர்ந்தபின் ஒன்று என மூன்று படங்கள். தரையில் காண்பவன் எந்தப் பருவத்தில் கண்டாலும் தடுமாறக்கூடாது என்பது கருத்து. தீனவரி மர்து என்றும் கபாத் என்றும் சொல்லால் செய்ததை இவர் தூரிகையால் செய்தார். அந்தப் படங்களில் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை.

தீனவரியின் நூலுக்கும் அதே கதி நேரவிருந்தது. ஆறு தொகுதிகளில் மூன்றாவதும் ஐந்தாவதும் மட்டுமே ஏட்டுப்பிரதியாக மிஞ்சின. ஏனையவை எவ்வாறு ஓரளவேனும் பிழைத்தன? அகராதிகளால். முர்ஸியாவைச் சேர்ந்த இப்னு ஸீதா (மறைவு ஹிஜ்ரி 458), தம் ‘முகஸ்ஸஸ்’ என்னும் 17 பாகப் பொருளகராதியில் தீனவரியைப் பக்கம் பக்கமாக எடுத்தாண்டார். இப்னு ஸீதா கண்பார்வை அற்றவர். அவர் தந்தையும் அவ்வாறே. இலையின் நடுநரம்பையும் முள்ளின் வளைவையும் ஒருநாளும் காணாத ஒருவர், செவியால் கேட்டு அவற்றை எழுத்தில் காத்து வைத்தார். ‘அறிந்ததோர் செடி’ என்று தீனவரி எழுதியிருந்தால் அவருக்கு அதில் என்ன கிடைத்திருக்கும்! பின்னர் இப்னு மன்ஸூர் (மறைவு ஹிஜ்ரி 711) அவற்றை ‘லிஸானுல் அரப்’ அகராதியில் சேர்த்தார். நம் மாணாக்கர் விரல் வைத்தது அங்கேதான்.

சிதறிய அம்மணிகளைக் கோக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐந்தாம் தொகுதியில் அலிஃப் முதல் ஸாய் வரையுள்ள அகரவரிசைப் பகுதியை பெர்ன்ஹார்ட் லெவின் 1953-ல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் பதிப்பித்தார். அத்தியாயப் பகுதியை 1974-ல் வெளியிட்டார். எஞ்சிய எழுத்துகளுக்கு ஏடே இல்லை. ஐதராபாத்தில் பிறந்து பாரிஸில் நெடுங்காலம் வாழ்ந்த டாக்டர் முஹம்மத் ஹமீதுல்லாஹ் அப்பணியை ஏற்றார். லிஸானிலும் முகஸ்ஸஸிலும் இப்னுல் பைதாரிலும் பிற நூல்களிலும் ‘அபூஹனீஃபா கூறினார்’ என்று வரும் இடங்களையெல்லாம் தேடித் திரட்டி, ஸீன் முதல் யே வரை மீட்டமைத்தார். அது 1973-ல் கெய்ரோவில் அச்சாயிற்று. இரண்டையும் கூட்டினால் தலைச்சொற்கள் ஆயிரத்தைத் தாண்டும். ஹமீதுல்லாஹ் 2002-ல் மறைந்தார். அவருடைய குர்ஆன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் சீரா நூலையும் போற்றுவோர் பலர். இந்தச் செடி நூலை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலர்.

உப்சாலா என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த கார்ல் லின்னேயஸ். 1735-ல் அவர் பூவின் மகரந்தத்தாள்களை எண்ணி, செடிகளை 24 வகுப்புகளாக்கினார். 1753-ல் ஒவ்வொரு செடிக்கும் இரு சொற்பெயர் கொடுத்தார். அவருக்கு நம் மேற்குக் கரையிலிருந்தும் உதவி போயிருந்தது. டச்சு ஆளுநர் வான் ரீடு கொச்சியில் தொகுக்கச் செய்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியான மலபார்த் தாவர நூலை லின்னேயஸ் பெரிதும் பயன்படுத்தினார். அந்நூலின் செய்திகளைத் தந்தவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். படங்களின்மேல் செடிப்பெயர்கள் ரோமன், மலையாளம், நாகரி எழுத்துகளோடு அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்தில் அவற்றைப் படித்த மக்கள் அக்கரையில் இருந்ததற்கு அப்படங்களே சான்று.

அராக்குக்கு லின்னேயஸ் இட்ட பெயர் ‘சல்வதோரா பெர்சிகா’. முற்பகுதி பார்சலோனாவைச் சேர்ந்த சல்வதோர் என்னும் மருந்து வணிகரின் நினைவாக அமைந்தது. பிற்பகுதி பாரசீகத்தைக் குறிக்கும். தீனவரி பிறந்த நாடு அவ்வாறு அப்பெயரில் வந்து அமர்ந்தது. அவர் பெயர் அமரவில்லை. நான்கு மகரந்தத்தாளும் ஒரு சூலகத்தண்டும் உடையவற்றோடு லின்னேயஸ் அராக்கைச் சேர்த்தார். எண்ணுவதற்கு எளிய முறைதான். ஆனால் உறவில்லாத பலவற்றை அது ஒரே கூரையின்கீழ் வைத்துவிட்டது. அவரே அதைச் செயற்கை முறை என்று அறிந்திருந்தார். 1998-ல் மரபணுக்களை ஒப்பிட்டு அறிஞர் குழுவொன்று புதிய வகைப்பாட்டை வெளியிட்டபோது, அராக்கின் குடும்பம் கடுகு, முருங்கை, பப்பாளி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் இடம்பெற்றது. வெளித்தோற்றத்தில் இவற்றுக்குள் என்ன ஒற்றுமை என்று திகைப்போர் ஒரு மிஸ்வாக் குச்சியைப் புதிதாகக் கடித்துப் பார்க்கலாம். நாவில் சுரீரென்று ஏறும் அந்தக் காரம், கடுகிலும் முருங்கை வேரிலும் பப்பாளி விதையிலும் இருக்கும் அதே இனத்துக் கந்தகச் சேர்மத்தால் வருவது.

இதையெல்லாம் நாம் தேடிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், இராமநாதபுரம் பக்கத்து மாணாக்கர் ஒருவர் விடுமுறை முடிந்து வரும்போது உகாய்க் கிளை ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வகுப்பில் அன்று பாடம் நடக்கவில்லை. இலை தடிப்பாயிருந்ததால், அது வரக்கா ஹதபா என்று ஒரு வழக்கு எழுந்தது. தீனவரியின் இலக்கணத்தை உரக்கப் படிக்கச் செய்தோம். ஒருவர் இலையைச் சன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, “ஐர் இருக்கிறது ஹஜ்ரத், வரக்தான்” என்றார். கிளையில் காய் ஒன்றும் இல்லை. கபாத் எந்த மாதத்தில் கிடைக்கும் என்று நாம் கேட்டோம். கொண்டுவந்தவர் சற்று யோசித்துவிட்டு, “எங்களூரில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டு வருகிறேன்” என்றார்.